தடுப்பு வட்டத்திலிருந்து மருந்துவரை: புதிய கரிமச் சேர்மங்களை எப்படி மதிப்பிடுவது?

வேதியியலில் முதுகலை முடித்து ஆய்வைத் தொடங்கியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஐசாட்டினோடு பல்வேறு அனிலின்களை வினைப்படுத்தி ஷிஃப் காரங்களின் (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள இமின்களின்) ஒரு வரிசையைத் தயாரித்திருக்கிறார். அவற்றுள் 4-குளோரோஅனிலினிலிருந்து வந்த சேர்மம் அகார் தட்டில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு எதிராக 18 மில்லிமீட்டர் தடுப்பு வட்டம், அதாவது கிருமி வளராத வெற்று வட்டம், காட்டியது, ஈ.கோலைக்கு எதிராக வட்டமே விழவில்லை. இந்தச் சேர்மம் மருந்தாக வாய்ப்பு உண்டா, அடுத்து எந்தப் பதிலிகளை (கூட்டில் மாற்றிப் பொருத்தும் அணுத் தொகுதிகளை) வைத்துத் தொகுப்பைத் தொடர்வது என்று கேட்கிறார்.

முதல் பாதிக்கு விடை: இப்போதைக்குச் சொல்ல முடியாது. 18 மில்லிமீட்டர் என்ற அளவு உங்கள் சேர்மத்தின் வீரியத்தைக் காட்டும் அளவு அன்று. அகார் என்பது பெரும்பாலும் நீர். அதில் எளிதில் கரைந்து பரவும் சிறிய, முனைவுள்ள மூலக்கூறு பெரிய வட்டம் போடும். அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள, ஆனால் நீரில் கரையாத மூலக்கூறு குழியைச் சுற்றியே தங்கிச் சிறிய வட்டம் போடும் அல்லது ஒன்றுமே போடாது. ஆகவே இரண்டு புதிய சேர்மங்களின் வட்டங்களை ஒப்பிடும்போது நாம் வீரியத்தையும் பரவும் திறனையும் கலந்து அளக்கிறோம். எது எவ்வளவு என்று பிரித்தறிய அந்தத் தட்டில் வழியில்லை.

மருத்துவமனை ஆய்வகங்களில் இதே முறை பயன்படுகிறதே என்று கேட்கலாம். அங்கே ஒவ்வொரு மருந்துக்கும் வில்லையில் ஏற்றும் அளவு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கிறது. சிப்ரோஃபிளாக்சசினுக்கு 5 மைக்ரோகிராம், ஜென்டாமைசினுக்கு 10 மைக்ரோகிராம். பல்வேறு நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் வட்டத்தின் விட்டத்தையும் குறைந்தபட்ச தடுப்புச் செறிவையும் இணைத்துப் பார்த்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். புதிய சேர்மத்துக்கு அத்தகைய அட்டவணை கிடையாது. குழியில் நூறு மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஊற்றிவிட்டு, பக்கத்தில் 5 மைக்ரோகிராம் சிப்ரோஃபிளாக்சசின் வில்லையை வைத்து, ‘எங்கள் சேர்மம் நிலைமருந்துக்கு நிகரானது’ என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

அளக்க வேண்டியது குறைந்தபட்ச தடுப்புச் செறிவு, ஆய்வகங்களில் சொல்வதுபோல எம்.ஐ.சி. பாக்டீரியா வளர்க்கும் முல்லர்-ஹிண்டன் குழம்பில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 5 லட்சம் செல்கள் இருக்கும்படி கிருமியை இட்டு, சேர்மத்தை ஒவ்வொரு குழியிலும் பாதிப் பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், 35 பாகை செல்சியஸில் 16 முதல் 20 மணி நேரம் வைத்து, எந்தச் செறிவுவரை வளர்ச்சி கண்ணுக்குத் தெரியவில்லை என்று பார்ப்பதுதான் முறை. கரைப்பானாகிய டி.எம்.எஸ்.ஓ. ஒரு சதவீதத்தைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கரைப்பான் மட்டும் உள்ள குழியும் வேண்டும். சேர்மம் குழம்பில் படிந்துவிட்டால் அந்தக் கலங்கலைப் பாக்டீரிய வளர்ச்சி என்று எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு, படிந்த பிறகு உண்மையான செறிவு என்னவென்று தெரியாமல் போகும் ஆபத்தும் உண்டு. தரக் கட்டுப்பாட்டுக்கான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏ.டி.சி.சி. 29213 வகையில் லினசோலிடு மில்லிலிட்டருக்கு 1 முதல் 4 மைக்ரோகிராமும், வான்கோமைசின் 0.5 முதல் 2 மைக்ரோகிராமும் காட்ட வேண்டும் என்பது விதி. உங்கள் கையில் அந்த எண்கள் வராவிட்டால், உங்கள் சேர்மத்தின் எண்ணையும் நம்பக் கூடாது.

எம்.ஐ.சி. மில்லிலிட்டருக்கு 32 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் அதைத் தொடர்ந்து பார்க்கத் தகுந்த தொடக்கமாகக் கொள்ளலாம். எட்டுக்குக் கீழே வந்தால் ஆர்வம் கொள்ளலாம். 500 மைக்ரோகிராமில் கிடைக்கும் விளைவை ‘மிதமான செயல்திறன்’ என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

எண் நன்றாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது எழும் கேள்வி, பாக்டீரியாவைத் தடுத்தது நீங்கள் வரைந்த அந்த மூலக்கூறுதானா என்பது. ஷிஃப் காரத்தின் கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு நீரில் சிதையக்கூடியது. 35 பாகை வெப்பத்தில், குழம்பின் நீரில், கிட்டத்தட்ட ஒரு நாள் இருக்கும் சேர்மத்தில் ஒரு பகுதி மீண்டும் ஐசாட்டினாகவும் 4-குளோரோஅனிலினாகவும் பிரிந்திருக்கலாம். 4-குளோரோஅனிலின் இரத்தத்தில் மெத்தீமோகுளோபினை உண்டாக்கும் நச்சு; மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகுத்துள்ள 2பி பிரிவிலும் இருக்கிறது. உங்கள் வரிசையின் ‘சிறந்த’ சேர்மம் உடலுக்குள் இதை விடுவிக்குமானால், அது மருந்தாகும் பேச்சு அங்கேயே முடிந்தது.

இதைக் கண்டறிவது கடினமன்று. தொடக்கப் பொருள்கள் இரண்டையும் தனித்தனியே அதே தட்டில் சோதியுங்கள். சேர்மத்தைக் குழம்பில் கரைத்து 0, 4, 24 மணி நேரங்களில் எடுத்து, கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி.யில் ஓட்டுங்கள். இரட்டைப் பிணைப்பை ஒடுக்கி நிலையான அமீனாக மாற்றிய இணைச் சேர்மம் ஒன்றைத் தயாரித்து ஒப்பிடுங்கள். செயல் அதிலும் நின்றால் நல்லது. மறைந்துபோனால், சிதைவுப் பொருளே செயல்பட்டிருக்கலாம் அல்லது இரட்டைப் பிணைப்பின் தட்டையான வடிவம் தேவைப்பட்டிருக்கலாம், மேலும் பார்க்க வேண்டும்.

தூய்மையும் இந்தக் கேள்வியின் பகுதியே. உருகுநிலையும் அகச்சிவப்பு நிறமாலையும் போதா, என்.எம்.ஆர்., உயர் தெளிவு நிறை நிறமாலை, எச்.பி.எல்.சி.யில் 95 சதவீதத்துக்குக் குறையாத தூய்மை ஆகிய மூன்றும் வேண்டும். செம்பு வினையூக்கியால் டிரையசோல் செய்பவர்கள் மிச்சச் செம்பைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் செம்பும் வெள்ளியும் தாமே கிருமிகொல்லிகள். ஷிஃப் காரத்தைச் செம்போடு பிணைத்து ‘அணைவுச் சேர்மமாக்கியபின் செயல்திறன் கூடியது’ என்று காட்டும் ஆய்வேடுகளில், வெறும் செம்பு உப்பை அதே மோல் செறிவில் சோதித்த வரிசை இருக்கிறதா என்று முதலில் தேடுவது என் வழக்கம், பெரும்பாலும் இருக்காது.

தட்டு இன்னொரு வகையிலும் ஏமாற்றும் என்பதற்கு வரலாற்றிலேயே பெரிய சான்று இருக்கிறது. ஜெர்மனியின் பேயர் ஆய்வகத்தில் யோசப் கிளாரரும் ஃபிரிட்ஸ் மீட்ஷும் 1932இல் தொகுத்த ‘புரோன்டோசில்’ என்ற சிவப்பு அசோ சாயம் சோதனைக்குழாயில் பாக்டீரியாவை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கெர்ஹார்ட் டோமாக் அதை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றிய எலிகளுக்குக் கொடுத்தபோது எலிகள் பிழைத்தன. 1935இல் முடிவு வெளியான அதே ஆண்டில் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தார் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: உடலுக்குள் அசோ பிணைப்பு முறிந்து சல்ஃபனிலமைடு வெளிவருகிறது, வேலை செய்வது அந்த நிறமற்ற துண்டு. அது 1908இலேயே தொகுக்கப்பட்டு, மருந்து என்று எவரும் அறியாமல் கிடந்த பொருள். பேயரின் சாய வேதியியலாளர்கள் நிறத்தில் தேடிக்கொண்டிருந்ததை நிறமற்ற பாதி வைத்திருந்தது. டோமாக் தட்டை மட்டும் நம்பியிருந்தால் சல்ஃபா மருந்துகளின் வரவு தள்ளிப்போயிருக்கும். பாரிஸ்காரர்கள் ‘செயல்படுவது எது’ என்று கேட்காமலிருந்தால் ஒவ்வொரு சல்ஃபா மருந்திலும் தேவையற்ற சாயப்பகுதி ஒட்டிக்கொண்டிருந்திருக்கும்.

சல்ஃபனிலமைடு மருந்தானதற்குக் காரணம் அது பாக்டீரியாவைத் தடுத்தது மட்டுமன்று. பாக்டீரியா ஃபோலிக் அமிலத்தைத் தானே தயாரிக்க வேண்டும். அதற்கான மூலப்பொருளாகிய பாரா-அமினோபென்சோயிக் அமிலத்தின் உருவை ஒத்த சல்ஃபனிலமைடு, அந்த நொதியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மனிதர் ஃபோலேட்டை உணவிலிருந்து பெறுகிறார். அவருக்கு அந்த நொதியே இல்லை. பாக்டீரியாவைக் கொல்வது எளிது, ஃபீனாலும் கொல்லும், சலவைத்தூளும் கொல்லும். நோயாளியை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்வதுதான் வேலை. அதனால் எம்.ஐ.சி. நன்றாக வந்த உடனே, அடுத்த பத்துச் சேர்மங்களைத் தொகுப்பதற்கு முன்பே, மனிதச் செல்களில், எச்.இ.கே. 293 போன்ற வழக்கமான செல் வரிசையில், நச்சுத்தன்மையையும், சிவப்பணுச் சிதைவையும் பார்த்துவிடுங்கள். பாதிச் செல்களைக் கொல்லும் செறிவு எம்.ஐ.சி.யைப் போலப் பத்து மடங்காவது இல்லையென்றால் அந்த வரிசையை மாற்றியமைக்க வேண்டும் அல்லது கைவிட வேண்டும்.

இங்கே ஒரு வழுக்குப் பாதை இருக்கிறது. குளோரினையும் டிரைஃபுளோரோமெத்திலையும் நீண்ட ஆல்கைல் சங்கிலியையும் சேர்த்துக் கொழுப்பில் கரையும் தன்மையைக் கூட்டினால், ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம்-நேர் பாக்டீரியாவுக்கு எதிரான எண் பெரும்பாலும் மேம்படும். அதே காரணத்தால் மனிதச் செல்சவ்வும் பாதிக்கப்படும். இரத்தத்தின் அல்புமினோடு மருந்து ஒட்டிக்கொண்டு செயலிழக்கும். மனித இரத்த நீர் கலந்த குழம்பில் எம்.ஐ.சி.யை மறுபடி அளந்தால் இது வெளிப்பட்டுவிடும். 4 என்று இருந்த எண் 64க்கு மேல் போவதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை, ஆனால் கட்டுரையில் அதை மறைக்கவும் கூடாது.

இனி ஈ.கோலை. உங்கள் முடிவில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது அங்கே வட்டம் விழாததுதான். ஈ.கோலை போன்ற கிராம்-எதிர் பாக்டீரியாவுக்கு உள்சவ்வுக்கு வெளியே லிப்போபாலிசாக்கரைடு போர்த்திய இன்னொரு சவ்வு இருக்கிறது. கொழுப்பில் கரையும் மூலக்கூறை அது எளிதில் உள்ளே விடாது. நீர் நிரம்பிய போரின் என்ற குறுகிய புரத வாயில்களின் வழியாக மூலக்கூறு எடை ஏறத்தாழ 600 டால்டனுக்கு உட்பட்ட, முனைவுள்ள மூலக்கூறுகள்தாம் நுழைய முடியும். அப்படி நுழைந்ததையும் ஏ.சி.ஆர்.ஏ.பி.-டோல்.சி. போன்ற வெளியேற்றும் பம்புகள் பிடித்து வெளியே தள்ளும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் புதுப்பித்த பட்டியலில் மிக அவசரமான வரிசையில், ரிஃபாம்பிசினுக்கு இணங்காத காசநோய்க் கிருமியோடு, கார்பாபெனெமுக்கு இணங்காத அசினெட்டோபாக்டரும் குடல்வாழ் கிராம்-எதிர் பாக்டீரியாக்களும் இடம்பெற்றிருப்பதற்கு இந்த இரட்டை அரணும் ஒரு காரணம்.

பெரிய நிறுவனங்களும் இந்தச் சுவரில் மோதித் திரும்பியிருக்கின்றன. கிளாக்சோஸ்மித்க்ளைன் 1995 முதல் 2001 வரை ஏராளமான சேர்மங்களை ஒரே வீச்சில் சோதிக்கும் 70 பெருந்தொகைச் சோதனைகளை நடத்தி, அவற்றிலிருந்து தொடர்ந்து முன்னெடுக்கத் தகுந்த 5 தொடக்கங்களை மட்டுமே பெற்றது. நொதியைத் தனியே பிரித்து வைத்துச் சோதித்தபோது அடைபட்ட இலக்குகள், உயிருள்ள செல்லுக்குள் இருந்தபோது அடைபடவில்லை. சேர்மம் உள்ளே போகாததே பெரும்பாலும் காரணம்.

உங்கள் சேர்மம் எந்த வகை என்று அறிய, பம்பின் டோல்.சி. மரபணு நீக்கப்பட்ட ஈ.கோலை வகையிலும், வெளிச்சவ்வைத் தளர்த்தும் பாலிமிக்சின் பி நோனாபெப்டைடு கலந்த குழம்பிலும் சோதித்துப் பாருங்கள். அங்கே செயல்பட்டால் இலக்கு ஈ.கோலையிலும் இருக்கிறது, நுழைவுதான் சிக்கல் என்று பொருள்; அங்கும் செயல்படாவிட்டால் பதிலிகளை மாற்றிக்கொண்டிருப்பதில் பயன் குறைவு.

நுழைவுச் சிக்கலுக்கு வேதியியலாளரிடம் இன்று ஓரளவு வழிகாட்டல் இருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பால் ஹெர்கன்ரோதரின் குழு நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் ஈ.கோலைக்குள் எவ்வளவு சேர்கின்றன என்று நிறை நிறமாலையால் அளந்து 2017இல் வெளியிட்டது. நெருக்கமில்லாத, அயனியாகக்கூடிய அமீன் ஒன்று, தட்டையான வடிவம், சுழலக்கூடிய பிணைப்புகள் ஐந்துக்கு மேல் இல்லாத விறைப்பு ஆகியவை சேர்ந்திருந்தால் உள்ளே சேரும் வாய்ப்புக் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. அதைக் காட்டுவதற்கு, கிராம்-நேர் பாக்டீரியாவை மட்டுமே தடுத்துவந்த டியாக்சிநைபோமைசினில் ஒரு அமீனைச் சேர்த்து, ஈ.கோலையையும் தடுக்கும்படி மாற்றினார்கள். ஐசாட்டின் கூடு தட்டையானது, விறைப்பானது. அமீன்தான் உங்களிடம் இல்லை.

சிறிய மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. ஆர்க்கிட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பழைய பீட்டா-லாக்டமேஸ் தடுப்பியான (பென்சிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் பாக்டீரிய நொதியைத் தடுப்பதான) டாசோபாக்டமின் டிரையசோல் வளையத்தில் ஒரேயொரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தார்கள். அதனால் அந்த வளையம் நிரந்தர நேர்மின்சுமை பெற்றது. ஏற்கெனவே இருந்த கார்பாக்சிலேட்டின் எதிர்மின்சுமையோடு சேர்ந்து மூலக்கூறு இருமுனை அயனியானது. வெளிச்சவ்வைக் கடப்பதும் எளிதாயிற்று. என்மெட்டாசோபாக்டம் என்ற அந்தச் சேர்மம் அலெக்ரா நிறுவனத்திடம் உரிமம் தரப்பட்டு, செஃபெபைம் என்ற கிருமிகொல்லியோடு இணைந்த மருந்தாக 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மெத்தில் சேர்ப்பது முதுகலை மாணவரும் செய்யக்கூடிய வினைதான்; அதை எங்கே, எதற்காகச் சேர்ப்பது என்று தெரிந்திருந்ததுதான் வேறுபாடு.

இது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்குக் கொண்டுவருகிறது. நம் துறைகளில் பதிலிகள் எப்படித் தேர்வாகின்றன என்பதை எல்லாரும் அறிவோம்: அலமாரியில் 4-குளோரோ, 4-நைட்ரோ, 4-மெத்தாக்சி அனிலின் புட்டிகள் இருக்கின்றன, ஆகவே அவை மூன்றும் வரிசையில் இடம்பெறுகின்றன. அப்படிச் செய்த வரிசை எந்த ஐயத்தையும் தீர்ப்பதில்லை. ஒவ்வொரு புதிய சேர்மமும் ஒரு கேள்விக்கு விடை தர வேண்டும். குயினோலோன்களின் வளர்ச்சியைப் பாருங்கள். ஸ்டெர்லிங்-வின்த்ராப் ஆய்வகத்தில் ஜார்ஜ் லெஷர் குழுவினர் குளோரோகுயின் தயாரிப்பின் துணைப்பொருள் ஒன்றிலிருந்து தொடங்கி, 1962இல் நாலிடிக்சிக் அமிலத்தை அறிவித்தார்கள்; சிறுநீர்த்தொற்றுக்கு மட்டும் பயன்பட்ட எளிய மருந்து அது. பின்னர் குயினோலோன் கூட்டின் ஆறாம் இடத்தில் ஃபுளோரினையும் ஏழாம் இடத்தில் பைப்பரசினையும் வைத்து நார்ஃபிளாக்சசினும், நைட்ரஜன் மேல் வளையபுரொப்பைலை வைத்துச் சிப்ரோஃபிளாக்சசினும் வந்தன. தரக் கட்டுப்பாட்டு ஈ.கோலை வகையில் நாலிடிக்சிக் அமிலத்தின் எம்.ஐ.சி. 1 முதல் 4 மைக்ரோகிராம், சிப்ரோஃபிளாக்சசினுடையது 0.004 முதல் 0.016. சுமார் 250 மடங்கு வேறுபாடு, மூன்று இடங்களை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டதால் கிடைத்தது.

இலக்கு எது என்பதைப் பற்றியும் ஒரு சொல். தரவுத்தளத்திலிருந்து ஏதோ ஒரு பாக்டீரியப் புரதத்தை எடுத்து, கணினியில் சேர்மத்தைப் பொருத்தி, பிணைப்பு ஆற்றல் ‘மைனஸ் 8.5 கிலோகலோரி’ என்று அட்டவணை போட்டுக் கட்டுரையை முடிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த எண், சேர்மம் அந்தப் புரதத்தைத் தடுக்கிறது என்பதற்குச் சான்றன்று. வேறு நூறு புரதங்களிலும் அது அப்படியே பொருந்தும். நம்பத்தக்க வழி பழையது: எம்.ஐ.சி.யின் நான்கு மடங்குச் செறிவில் கோடிக்கணக்கான செல்களைப் பரப்பி, தப்பி வளரும் சில பாக்டீரியக் கூட்டங்களை எடுத்து, அவற்றின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்துவது. காசநோய்க்கான பெடாகுயிலின் இப்படித்தான் அறியப்பட்டது. ஜான்சன் நிறுவனத்தார் முழுச் செல்களில் சோதித்துக் கண்டெடுத்த அந்த டையரைல்குயினோலினுக்கு இணங்காத மைக்கோபாக்டீரியாக்களை வரிசைப்படுத்தியபோது, ஏ.டி.பி. சிந்தேஸின் ஒரு துணையலகில் மாற்றம் இருந்தது. 2005இல் அது வெளியானது, 2012 டிசம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. தப்பிப் பிழைப்பவை ஒன்றுமே வராமல் போனால் அதுவும் செய்திதான்: உங்கள் சேர்மம் சவ்வையோ பல இலக்குகளையோ ஒருங்கே தாக்கலாம், அப்போது நச்சுத்தன்மைச் சோதனையை மறுபடி உன்னிப்பாகப் பாருங்கள்.

ஐசாட்டினையே கைவிட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. என்-மெத்தில் ஐசாட்டினின் தயோசெமிகார்பசோனாகிய மெத்திசசோன், பெரியம்மை வைரசுக்கு எதிராக 1960களில் மனிதரிடம் சோதிக்கப்பட்டது. அதற்கான புகழ்பெற்ற ஆய்வு சென்னையில் நடந்து 1963இல் வெளியானது. நோயாளிகளோடு தொடர்பிலிருந்தவர்களில் மருந்து பெற்ற 1,101 பேரில் 3 பேருக்கும், பெறாத 1,126 பேரில் 78 பேருக்கும் நோய் வந்தது. பின்வந்த ஆய்வுகள் இவ்வளவு தெளிவாக இல்லை, வாந்தியும் பெரிய தொல்லையாக இருந்தது, தடுப்பூசி நோயையே ஒழித்துவிட்டது. ஆனாலும் இந்தக் கூடு உடலுக்குள் சென்று வேலை செய்ய வல்லது என்பதற்கு அது சான்று. உங்களுடைய எளிய இமினைவிட அந்த தயோசெமிகார்பசோன் நீரில் உறுதியானது என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே உங்கள் இடத்தில் இருந்தால் நான் அடுத்துச் செய்வது இது. புதிதாக எதையும் தொகுக்காமல், இருக்கும் சேர்மங்கள் எல்லாவற்றுக்கும், செயல்படாதவற்றுக்கும் சேர்த்து, எம்.ஐ.சி. அளப்பேன்; 4-குளோரோ சேர்மம் குழம்பில் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்று எச்.பி.எல்.சி.யில் பார்ப்பேன். கல்லூரியில் நுண்ணுயிரியல் வசதி இல்லையென்றால், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2015இல் தொடங்கிய கோ-ஆட் திட்டம் உலகெங்குமுள்ள வேதியியலாளர்களின் சேர்மங்களை ஐந்து பாக்டீரியாக்களிலும் இரண்டு பூஞ்சைகளிலும் கட்டணமின்றிச் சோதித்துத் தந்திருக்கிறது. அத்தகைய வாய்ப்பு இப்போது எங்கே திறந்திருக்கிறது என்று விசாரியுங்கள். சேர்மம் நிலைக்கிறது, மனிதச் செல்லைக் கொல்லவில்லை, டோல்.சி. இல்லாத ஈ.கோலையில் செயல்படுகிறது என்று மூன்றும் கூடிவந்தால், பின்வரும் நான்கு சேர்மங்களைத் தயாரிக்கலாம்: இமினுக்குப் பதில் ஹைட்ரசோன் உள்ளது ஒன்று, ஐசாட்டினின் நைட்ரஜனிலிருந்து இரண்டு கார்பன் தள்ளி முதன்மை அமீன் உள்ளது ஒன்று, அதே நீளத்தில் அமீனுக்குப் பதில் ஹைட்ராக்சில் உள்ளது ஒன்று, அமீனை அசெட்டைலால் மூடியது ஒன்று. கடைசி இரண்டும் ஈ.கோலையில் தோற்று, அமீன் உள்ளது மட்டும் வென்றால், நுழைவைப் பற்றிய உங்கள் கருதுகோள் சரி என்று காட்டும் முதல் ஆதாரம் உங்களிடம் இருக்கும்.